பெரிய ஐ.டி கம்பெனி வேலை: ஆஃபர் லெட்டரில் இருப்பதும்... இல்லாததும்!

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகிட்டீங்க. ஆஃபர் லெட்டர் மெயிலுக்கு வந்தாச்சு. அம்மா பக்கத்து வீடுகளுக்கு ஸ்வீட் கொடுத்தாச்சு. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ரோஜாப்பூ படத்தோடு வாழ்த்தும் சொல்லியாச்சு. அதே வாரம் காலேஜ் சீனியர் ஒருவர் போன் பண்ணி, "அந்த கம்பெனிக்கா போற? மூணு வருஷம் வேஸ்ட்டுடா" என்கிறார். அடுத்த தெரு அக்கா ஒருவர், "கண்ணை மூடிக்கிட்டு சேரு. லைஃப் செட்டில்" என்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

அப்போ யார் சொல்வது உண்மை? இரண்டு பேரும் சொல்வதும் உண்மைதான். பெரிய டெக் கம்பெனி என்பது ஒரு பெரிய ஊர் மாதிரி. ஒரே ஊரில் ஒரு தெருவுக்கு தினமும் தண்ணீர் வரும், அடுத்த தெருவுக்கு வாரம் ஒருமுறைதான் வரும். நீங்கள் எந்தத் தெருவில் குடியேறுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஊர் நல்லதா, கெட்டதா என்று சொல்வீர்கள். ஐ.டி கம்பெனியில் அந்தத் தெருவின் பெயர் 'ப்ராஜெக்ட்'.

வேலையில் சேரப் போகிறவர்களும், சேர்ந்து ஒரு வருடம் ஆகி 'இது சரிதானா?' என்று யோசிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ப்ளஸ், மைனஸ்களைப் பார்ப்போம்.

இந்த கம்பெனிகள் எப்படிச் சம்பாதிக்கின்றன?

இது புரிந்தால் மற்ற எல்லாமே புரிந்துவிடும். 1968-ல் தொடங்கிய டி.சி.எஸ், 1981-ல் தொடங்கிய இன்ஃபோசிஸ், 1994-ல் சென்னையில் பிறந்த காக்னிசன்ட், விப்ரோ, ஹெச்.சி.எல் ஆகியவை அடிப்படையில் சர்வீஸ் கம்பெனிகள். அமெரிக்காவில் ஒரு வங்கி, ஐரோப்பாவில் ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனம் என்று வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருவதும், ஏற்கெனவே இருப்பதைப் பராமரிப்பதும்தான் முக்கிய வேலை. டி.சி.எஸ்ஸில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். இன்ஃபோசிஸில் 3 லட்சத்துக்கும் மேல்.

உங்கள் வேலை நேரத்துக்கு கிளையன்ட்டிடம் பணம் வாங்க முடிந்தால் நீங்கள் 'பில்லபிள்'. ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் காத்திருந்தால் 'பெஞ்ச்'. பெஞ்ச்சில் இருப்பவருக்கும் சம்பளம் உண்டு. ஆனால், கம்பெனியின் கணக்கில் அது செலவு மட்டுமே.

இன்னொரு விஷயம், இந்த கம்பெனிகள் பிரமிட் வடிவில் இருக்கும். கீழே குறைந்த சம்பளத்தில் நிறைய ஃப்ரெஷர்கள், மேலே போகப் போக அதிக சம்பளத்தில் சில பேர். கீழ்த்தட்டு பெரிதாகவும் செலவு குறைவாகவும் இருந்தால்தான் லாபம். ஃப்ரெஷர் சம்பளம் பத்து வருடங்களுக்கும் மேலாக 3 முதல் 4 லட்சத்தைச் சுற்றியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வருடா வருடம் ஆயிரக்கணக்கில் புதியவர்கள் வரிசையில் நிற்கும்போது, சம்பளத்தை ஏற்ற வேண்டிய அவசரம் கம்பெனிக்கு இல்லை.

ப்ளஸ் பக்கம்: உண்மையாகவே என்ன கிடைக்கும்?

*1. பெயருக்கு இருக்கும் மரியாதை*

பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, வாடகை வீடு, ஏன், கல்யாணப் பேச்சில்கூட கம்பெனி பெயர் வேலை செய்யும். அதைவிட முக்கியம், அடுத்த வேலை. நீங்கள் படித்த காலேஜ் பெயர் யாருக்கும் தெரியாததாக இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமைத் திறப்பவர் காலேஜுக்கு முன்னால் கம்பெனி பெயரைத்தான் பார்ப்பார். சின்ன ஊரில், சாதாரண காலேஜில் படித்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது பெரிய விஷயம்.

*2. சம்பளத்தோடு டிரெயினிங்*

மெக்கானிக்கல், சிவில் படித்தவரையும் சேர்த்து கோடிங் கற்றுக்கொடுக்கும் அமைப்பு இந்த கம்பெனிகளில் இருக்கிறது. இன்ஃபோசிஸின் மைசூரு டிரெயினிங் வளாகம் 300 ஏக்கருக்கும் மேல். இதே கோர்ஸை வெளியே படித்தால் நீங்கள்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். ஆனால், ஒரு எச்சரிக்கை. டிரெயினிங்கில் வைக்கும் டெஸ்ட்டுகள் சும்மா பேருக்கு இல்லை. உள் தேர்வுகளில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூருவில் நூற்றுக்கணக்கான டிரெய்னிகள் வெளியே அனுப்பப்பட்டார்கள். காலேஜ் முடிஞ்சதும் படிப்பு முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க.

*3. அப்பா, அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ்*

இருபத்திரண்டு வயதில் நம்மில் பலர் கண்டுகொள்ளாத பெரிய ப்ளஸ் இதுதான். தனியாக ஹெல்த் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சுகர், பி.பி போன்றவற்றுக்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். பெரிய கம்பெனிகளின் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு. பெற்றோரைச் சேர்க்க கூடுதல் பிரீமியம் பிடிப்பார்கள். சேர்ப்பதற்கான விண்டோ சில நாள்கள் மட்டுமே திறந்திருக்கும். அந்த மெயிலை மிஸ் பண்ணினால் பல கம்பெனிகளில் அடுத்த வருடம்தான்.

*4. விதிமுறைகள் பேப்பரில் மட்டும் இல்லை*

26 வாரப் பேறுகால விடுப்பு, பணியிடப் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் உள் புகார் குழு இரண்டும் சட்டப்படி சின்ன நிறுவனங்களுக்கும் பொருந்தும். முன்னது 10 ஊழியர்கள் இருந்தாலே பொருந்தும். பின்னதற்கும் அதே கணக்குதான். ஆனால் எட்டு பேர் பத்து பேராக ஆன ஆபீஸில், 'யார்கிட்ட புகார் கொடுக்கிறது, அவர்தானே ஓனர்?' என்ற நிலை வரும். பெரிய கம்பெனியில் அதற்கென ஒரு போர்ட்டல், ஒரு குழு, ஒரு நடைமுறை இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து வீடு வரை விடும் கேப், மாதக் கடைசியில் தேதி மாறாமல் விழும் சம்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

*5. உள்ளேயே பல கதவுகள்*

டெஸ்டிங்கில் சேர்ந்தவர் டேட்டா பக்கம் போகலாம். சென்னையில் சேர்ந்தவர் கோவைக்கு மாற்றல் கேட்கலாம். ஆன்சைட் வாய்ப்பும் வரலாம். சின்ன நிறுவனத்தில் இதற்கெல்லாம் வேலையை விட வேண்டியிருக்கும். இங்கே கம்பெனியை விடாமலே தொழிலை மாற்றலாம். 'மாற்றலாம்' என்றுதான் சொல்கிறோம். தானாக மாறாது.

சம்பளக் கணக்கு: 30,000 எப்படி 23,500 ஆனது?

ஆஃபர் லெட்டரில் சி.டி.சி 3,60,000 ரூபாய் என்று இருக்கிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 30,000. முதல் மாதம் பேங்க் மெசேஜ் வரும்போது பலருக்கும் சின்ன ஷாக். எங்கே போனது மீதி?

சி.டி.சி என்பது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வருவது அதில் ஒரு பகுதிதான். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். கம்பெனிக்கு கம்பெனி எண்கள் மாறும்.

* மாத சி.டி.சி: 30,000. இதில் பேசிக் 15,000 என்று வைத்துக்கொள்வோம்.
* கம்பெனி கட்டும் பி.எஃப், பேசிக்கில் 12%: 1,800. இது சி.டி.சி-க்கு உள்ளேயே இருக்கிறது.
* கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, பேசிக்கில் 4.81%: சுமார் 720.
* வேரியபிள் பே, அதாவது மாதாமாதம் நிச்சயமில்லாத தொகை, 5% என்று வைத்தால்: 1,500.
* இன்ஷூரன்ஸ் பிரீமியம்: 500 என்று வைப்போம்.

மீதி சுமார் 25,480. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப் 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200 போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 23,500.

சோழிங்கநல்லூர் பக்கம் ஷேரிங் பி.ஜி-க்கு 8,000, சாப்பாடு, பஸ், போன் சேர்த்து 7,000 என்று வைத்தால் மிஞ்சுவது 8,500. வீட்டுக்கு அனுப்புவதும் எஜுகேஷன் லோன் இ.எம்.ஐ-யும் அதற்குள்தான். ஆஃபர் வந்த கையோடு பைக் இ.எம்.ஐ, ஐபோன் இ.எம்.ஐ என்று கணக்குப் போடும் முன் இந்த 8,500-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த பணம் எல்லாம் வீண் இல்லை. பி.எஃப் உங்கள் பணம்தான். 2024-25 நிதியாண்டுக்கு அதற்கு 8.25% வட்டி. வேலை மாறும்போது பலர் செய்யும் தவறு, பி.எஃப்-ஐ உடைத்துச் செலவு செய்வது. யு.ஏ.என் நம்பர் ஒன்றுதான், அதிலேயே புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். கிராஜுவிட்டி மட்டும் வேறு கதை. நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக 5 வருடம் தொடர்ந்து வேலை செய்தால்தான் கைக்கு வரும். மூன்றாவது வருடம் கிளம்பினால், ஆஃபர் லெட்டரில் காட்டிய அந்த 720 ரூபாயை நீங்கள் பார்க்கவே போவதில்லை.

மைனஸ் பக்கம்: ஆஃபர் லெட்டரில் இல்லாதவை

*1. ப்ராஜெக்ட் லாட்டரி*

ஒரே நாளில், ஒரே சம்பளத்தில், ஒரே டிரெயினிங் முடித்த இரண்டு நண்பர்கள். ஒருவருக்கு வங்கி ஒன்றின் மொபைல் ஆப்பைப் புதிதாக எழுதும் ப்ராஜெக்ட். இன்னொருவருக்கு சப்போர்ட் ப்ராஜெக்ட், கிளையன்ட் சிஸ்டத்தில் வரும் டிக்கெட்டுகளை எடுத்து, கொடுத்த டாக்குமென்ட்டில் உள்ளபடி செய்து, 'க்ளோஸ்டு' போடும் வேலை, அதுவும் மாறி மாறி ஷிஃப்ட்டில். இரண்டு வருடம் கழித்து முதல் நபருக்கு இன்டர்வியூவில் பேச நிறைய விஷயம் இருக்கும். இரண்டாவது நபரிடம் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இருக்கும். மார்க்கெட் இரண்டு பேருக்கும் ஒரே விலை வைக்காது.

இதில் கொடுமை, இரண்டாவது நபர் சோம்பேறி இல்லை. டிரெயினிங் முடிந்த வாரம் எந்த ப்ராஜெக்ட்டில் ஆள் கேட்டார்களோ அங்கே போட்டார்கள், அவ்ளோதான். கம்பெனி உங்கள் ஆசையைக் கேட்டு ப்ராஜெக்ட் கொடுக்காது. காலி இடத்தைப் பார்த்துத்தான் கொடுக்கும். சீனியர் 'வேஸ்ட்' என்றதும், அக்கா 'செட்டில்' என்றதும் இங்கே பிரிந்த பாதைகள்தான்.

*2. பெஞ்ச் பதற்றம்*

வேலை செய்யாமல் சம்பளம், ஜாலிதானே என்று வெளியே இருந்து பார்த்தால் தோன்றும். முதல் வாரம் ஜாலிதான். அப்புறம் தினமும் ஆபீஸ் போய் உட்கார்ந்து, ஆர்.எம்.ஜி டீமிடமிருந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பது மனதை அரிக்கும். டி.சி.எஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஒரு ஊழியர் வருடத்தில் குறைந்தது 225 நாள் பில்லபிள் ஆக இருக்க வேண்டும். பெஞ்ச்சில் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது. ப்ராஜெக்ட் தேடும் பொறுப்பு பெருமளவு ஊழியர் தலையில் விழுந்துவிட்டது என்பதுதான் இதன் அர்த்தம்.

*3. அப்ரைசல் என்னும் ரேஷன்*

நீங்கள் நன்றாக வேலை செய்தால் நல்ல ரேட்டிங் வரும் என்று நினைப்போம். பல பெரிய நிறுவனங்களில் ஒரு டீமில் இத்தனை சதவிகிதம் பேருக்குத்தான் மேல் ரேட்டிங், இத்தனை பேர் கீழே இருக்கத்தான் வேண்டும் என்று ஒரு வளைவு இருக்கும். பத்து பேரும் நன்றாகச் செய்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் நிற்க வேண்டும். பெரும்பாலும் புதிதாக வந்தவர், அல்லது தான் செய்ததை வெளியே சொல்லத் தெரியாதவர். நம்ம பசங்களில் பலருக்கு 'நான் இதைச் செய்தேன்' என்று மீட்டிங்கில் சொல்லவே கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு இங்கே ஹைக்கில் விலை உண்டு.

*4. 90 நாள் பூட்டு*

பல பெரிய இந்திய ஐ.டி நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். புதிய கம்பெனி 30 நாளில் வரச் சொல்லும். நீங்கள் ராஜினாமா செய்தால்தான் 'நோட்டீஸில் இருக்கிறேன்' என்று சொல்லி ஆஃபர் வாங்க முடியும், ஆஃபர் இருந்தால்தான் தைரியமாக ராஜினாமா செய்ய முடியும். இந்தச் சிக்கலில் மாட்டாதவர்கள் குறைவு. சில கம்பெனிகள் பணம் கட்டி முன்னதாகக் கிளம்ப அனுமதிக்கும், சில அனுமதிக்காது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்னாலேயே படிக்க வேண்டிய வரி இது.

*5. நேரம், உடம்பு, தூக்கம்*

கிளையன்ட் அமெரிக்காவில் இருந்தால் அவருக்குக் காலை, உங்களுக்கு இரவு. ஏழு மணிக்கு ஆபீஸ் முடிந்தாலும் ஒன்பதரை மணிக்கு கால் இருக்கும். இதில் ஓ.எம்.ஆர் டிராஃபிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் 70 மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னபோது நாடே சண்டை போட்டது. பலருக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், பயண நேரத்தையும் இரவு கால்களையும் கூட்டினால் அவர்கள் ஏற்கெனவே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுதான்.

'பெரிய கம்பெனின்னா சேஃப்' என்பது பழைய கதையா?

பாதி பழைய கதை. பெரிய கம்பெனி ஒரே நாளில் ஷட்டர் போடாது, சம்பள பாக்கி வைக்காது. அந்த அளவுக்கு சேஃப். ஆனால், உங்கள் நாற்காலி நிரந்தரம் என்ற அர்த்தத்தில் சேஃப் இல்லை.

2025 ஜூலையில் டி.சி.எஸ் தன் ஊழியர்களில் சுமார் 2%, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தது. குறி வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து, ஆட்களை மேய்ப்பதை மட்டும் வேலையாக வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. வாசலிலும் கூட்டம் நிற்கிறது. இன்ஃபோசிஸில் 2022-ல் ஆஃபர் வாங்கிய சுமார் 2,000 பேர், ஜாயினிங் தேதிக்காக 2024 வரை காத்திருந்தது செய்தியாகி, தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் போனது. ஆஃபர் லெட்டர் வேறு, ஜாயினிங் லெட்டர் வேறு.

ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்' என்று ஹெச்.ஆர் ரூமில் அழுத்தம் கொடுத்தால், அந்த நிமிடமே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நேரம் கேளுங்கள், மெயிலில் தரச் சொல்லுங்கள். ஐ.டி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், அப்போது இருந்த தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது. ஐ.டி ஊழியர் சங்கங்கள் சென்னையில் இருக்கின்றன. ஆலோசனை கேட்பதில் தப்பே இல்லை.

கூகுள், அமேசான் என்றால் எல்லாம் மாறிவிடுமா?

சம்பளம் மாறும், நிறையவே மாறும். இவை தங்கள் சொந்தத் தயாரிப்பை விற்கும் கம்பெனிகள் என்பதால் 'பில்லபிள்' கவலை இல்லை. ஆனால், இங்கேயும் ஆஃபர் எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும். அதில் பெரிய பங்கு கம்பெனி ஷேராக இருக்கும், அது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். அமேசான் பல ஆண்டுகளாகப் பின்பற்றிய முறையில் முதல் வருடம் 5%, இரண்டாவது வருடம் 15%, மூன்றாவது, நான்காவது வருடங்களில் தலா 40%. இரண்டு வருடத்தில் கிளம்பினால் ஐந்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு.

லே-ஆஃப் பயமும் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை, 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேரை நீக்கியது. அதிகச் சம்பளத்தை நம்பி அதிக இ.எம்.ஐ போட்டவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள்.

நடுவில் இன்னொரு பாதையும் இருக்கிறது. 1996-ல் தொடங்கிய ஜோஹோ, 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற, நம் ஊரிலேயே பிறந்த ப்ராடக்ட் கம்பெனிகள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானபோது, கையில் ஷேர் வைத்திருந்த 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். எல்லா ஸ்டார்ட்அப் ஷேருக்கும் இந்த முடிவு வராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளிநாட்டு வங்கிகளும் கார் கம்பெனிகளும் தங்களுக்காகவே சென்னையில் நடத்தும் டெக் சென்டர்களும் இருக்கின்றன. சர்வீஸ் கம்பெனியில் இரண்டு மூன்று வருடம் நல்ல ப்ராஜெக்ட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கதவுகள் திறக்கின்றன.

உங்களுக்கு செட் ஆகுமா?

எஜுகேஷன் லோன் இருக்கிறது, வீட்டில் முதல் ஆளாக ஆபீஸ் வேலைக்குப் போகிறீர்கள், பெற்றோருக்கு மருத்துவச் செலவு இருக்கிறது என்றால் தயங்காமல் சேருங்கள். மாதம் தவறாத சம்பளமும் இன்ஷூரன்ஸும் தரும் நிம்மதி சின்ன விஷயம் இல்லை. கோடிங்கில் இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கும் டிரெயினிங் உள்ள இடம் நல்லது.

ஏற்கெனவே நன்றாக கோட் எழுதுவீர்கள், சொந்தமாக ஆப் செய்து பார்த்திருக்கிறீர்கள், ஆறு மாதம் வீட்டில் சமாளிக்க முடியும் என்றால், சின்ன ப்ராடக்ட் கம்பெனிகளையும் முட்டிப் பாருங்கள். அங்கே முதல் மாதமே உண்மையான வேலை கைக்கு வரும். அதே நேரம், கையில் இருக்கும் ஆஃபரை இன்னொன்று வரும் முன் விடாதீர்கள்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை

ப்ராஜெக்ட் லாட்டரி என்று சொன்னோம். முதல் சீட்டு உங்கள் கையில் இல்லை. இரண்டாவது சீட்டை நீங்களே எடுக்க முடியும்.

* கையெழுத்துக்கு முன்: பாண்ட் எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு தொகை, நோட்டீஸ் பீரியட், வேரியபிள் எத்தனை சதவிகிதம், ஷிஃப்ட், எந்த ஊருக்கும் அனுப்பலாம் என்ற நிபந்தனை... இந்த ஆறையும் லெட்டரில் தேடிப் படியுங்கள். புரியவில்லை என்றால் ஹெச்.ஆருக்கு மெயிலிலேயே கேளுங்கள்.

* டிரெயினிங்கில்: மார்க் மட்டும் போதாது. எந்த டெக்னாலஜிக்கு அதிக ப்ராஜெக்ட் வருகிறது என்று உள்ளே இருக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். நம்ம காலேஜ் அண்ணன், அக்கா யாராவது அதே வளாகத்தில் இருப்பார்கள். ஒரு டீ போதும்.

* மாதம் ஒரு பக்கம்: அந்த மாதம் என்ன செய்தீர்கள், எதைச் சரி செய்தீர்கள், யார் பாராட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். அப்ரைசலுக்கும் அடுத்த இன்டர்வியூவுக்கும் இதுதான் கையிருப்பு.

* வருடத்துக்கு ஒரு கேள்வி: 'எனக்குக் கிடைத்தது ஒரு வருட அனுபவமா, ஒரே மாதத்தைப் பன்னிரண்டு முறை செய்த அனுபவமா?' பதில் இரண்டாவது என்றால் மேனேஜரிடம் ப்ராஜெக்ட் மாற்றம் கேளுங்கள். உள் வேலை அறிவிப்புகளுக்கு அப்ளை செய்யுங்கள். இரண்டு முறை கேட்டும் நடக்கவில்லையென்றால் வெளியே தேட ஆரம்பியுங்கள்.

* ஆவணங்கள்: ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ஹைக் லெட்டர், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் அவ்வப்போது டவுன்லோடு செய்து வையுங்கள். வேலை போன நாளில் லாகின் உடனே கட் ஆகிவிடும். ஆனால், கம்பெனி கோடையோ கிளையன்ட் ஃபைலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அது வேலைக்கே உலை.

* சைடு வேலை: ரகசியமாக இன்னொரு கம்பெனியில் வேலை செய்யலாமா? 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகச் சொல்லி விப்ரோ 300 பேரை நீக்கியது. இரண்டு இடத்திலும் பி.எஃப் கட்டினால் ஒரே யு.ஏ.என்-னில் தெரிந்துவிடும். உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

* ஆறு மாதப் பணம்: முதல் வருடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனி அக்கவுன்ட்டில் சேருங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்பதால், முடிந்தபோது சொந்தமாக ஒரு பாலிசியும் எடுத்துவிடுங்கள். பிடிக்காத ப்ராஜெக்ட்டுக்கு 'நோ' சொல்லும் தைரியம் பெரும்பாலும் பேங்க் பேலன்ஸிலிருந்துதான் வருகிறது.

* கிளம்பும்போது: கோபத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ரிலீவிங் லெட்டர் இல்லையென்றால் அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டுவீர்கள். நோட்டீஸை முடித்து, கைகுலுக்கிக் கிளம்புங்கள். இந்தத் துறையில் பழைய மேனேஜரை மறுபடி சந்திக்கும் வாய்ப்பு ரொம்ப அதிகம்.

அந்த சீனியருக்கும் அக்காவுக்கும் மறுபடி போன் பண்ணுங்கள். 'கம்பெனி எப்படி?' என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். 'எந்த ப்ராஜெக்ட்ல இருந்தீங்க? எப்படி உள்ள போனீங்க? வெளிய வர எத்தனை மாசம் ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். ஜாயினிங் தேதிக்கு முன்னால் நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான ஹோம்வொர்க் அதுதான்.

ஆல் தி பெஸ்ட்!